பாதி ஏரின்னா பாதித் தண்ணி இல்ல

எலெக்டிவ் செலக்ட் பண்ற வாரம் வந்தா நம்ம டிபார்ட்மென்ட் குரூப்ல ஓடுற கேள்வி ஒண்ணுதான்: "எதுல மார்க் ஈஸி?" அதுக்கு சீனியர்கள் ஒரு லிஸ்ட் அனுப்புவாங்க. அந்த லிஸ்ட்ல நான்லீனியர் கண்ட்ரோல் எப்பவும் கடைசியில இருக்கும், பக்கத்துல ஒரு மண்டை ஓடு எமோஜியோட. நான் அதை எடுத்தேன். ஏன் எடுத்தேன்னு கேட்ட எல்லாருக்கும் தனித்தனியா பதில் சொல்லி முடியல, அதனாலதான் இந்தக் கட்டுரை.

முதல்ல என்னைப் பத்தி ரெண்டு வரி. உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 7.5 சதவீத ஒதுக்கீட்டுல இங்க வந்தேன். உத்திரமேரூர்னு சொன்னதும் எல்லாரும் "குடவோலை!"ன்னு சொல்லுவீங்க. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற யாரைக் கேட்டாலும் பராந்தக சோழன், வைகுண்டப் பெருமாள் கோயில், 919, 921ன்னு ஒப்பிப்பாங்க. அதே கல்வெட்டுல ஏரி வாரியம்னு ஒண்ணு வருது, ஏரியைப் பார்த்துக்கிறதுக்குன்னே ஆறு பேர், பதவி 360 நாள்தான். அந்த வரியை யாரும் ஒப்பிக்க மாட்டாங்க. எங்களுக்கு அதுதான் முக்கியம். ஏன்னா எங்க பக்கம் ஆத்துத் தண்ணிய நம்பி யாரும் நாத்து விடுறதில்ல, ஏரியை நம்பித்தான்.

இனி பாடம். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் முதல் பேப்பர்ல நாம படிச்சது எல்லாம் ஒரே ஒரு சலுகையில நிக்குது: சூப்பர்பொசிஷன். உள்ள போறதை ரெண்டு மடங்காக்கினா வெளிய வர்றதும் ரெண்டு மடங்கு. ஒரு கிலோ அரிசி அம்பது ரூபான்னா ரெண்டு கிலோ நூறு. இந்தச் சலுகை இருக்கிறதாலதான் லாப்லாஸ், போடே, நைக்விஸ்ட், ரூட் லோகஸ் எல்லாமே வேலை செய்யுது. ஆனா வயல்ல நிக்கிறவங்களுக்கு இந்தச் சலுகை கிடையாதுன்னு தெரியும். ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போட்டா பயிர் பச்சை கட்டும். நாலு மூட்டை போட்டா நாலு மடங்கு விளையாது. பயிர் சாஞ்சு, பூச்சி விழுந்து, இருந்ததும் போகும். நான்லீனியர்னா அவ்வளவுதான். பேர்தான் பெருசு.

சிலபஸ்ல இதுக்குத் தனித்தனி பேர் வச்சிருக்காங்க. வால்வைக் கொஞ்சம் திருப்பினா ஒண்ணுமே வராது, ஒரு அளவு தாண்டினாதான் தண்ணி வரும்: டெட் ஸோன். முழுசா திறந்தாச்சு, இனி எவ்வளவு திருப்பினாலும் அவ்வளவுதான்: சாச்சுரேஷன். பழைய டிராக்டர் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினா சக்கரம் அசையறதுக்கு முன்னாடி கொஞ்ச தூரம் சும்மா சுத்துமே, அது பேக்லாஷ். வீட்டு மாடி டேங்க்ல மிதவை ஸ்விட்ச் மேல ஒரு மட்டத்துல ஆஃப் ஆகி, ரொம்பக் கீழ வந்த பிறகுதான் ஆன் ஆகும், அது ஹிஸ்டரிசிஸ். இதெல்லாம் ஏதோ விதிவிலக்குன்னு நினைச்சுக்கிட்டுத்தான் நாம பி.ஐ.டி. படிக்கிறோம். உலகத்துல விதிவிலக்கு லீனியர்தான்.

இதுல விளையாட்டு இல்லாத பக்கமும் இருக்கு. 1993 ஆகஸ்டுல ஸ்டாக்ஹோம்ல தண்ணீர் திருவிழா நடந்துட்டு இருக்கும்போது க்ரிப்பன் போர் விமானம் ஒண்ணு ஜனங்க தலைக்கு மேல பறந்து, கட்டுப்பாட்டை இழந்து விழுந்துச்சு. பைலட் குதிச்சுத் தப்பிச்சார். அவர் ஸ்டிக்கை வேகமா அசைச்சப்போ, இறக்கையில இருக்கிற பரப்புகள் அந்த வேகத்துக்குத் திரும்ப முடியாம எல்லையில நின்னுடுச்சு. ரேட் சாச்சுரேஷன். விமானம் தாமதமா பதில் சொல்லுது, பைலட் இன்னும் வேகமா திருத்துறார், தாமதம் இன்னும் கூடுது. லீனியர் மாடல் மட்டும் வச்சுப் பார்த்தா எல்லாம் சரியாத்தான் தெரியும். எங்க மேடம் இந்த வீடியோவை முதல் கிளாஸ்ல போட்டுக் காமிச்சாங்க. அன்னைக்கு மட்டும் யாரும் போனை எடுக்கல.

ஆனா எனக்கு இந்தப் பாடம் பிடிச்சது விமானத்தால இல்ல, கூம்புத் தொட்டியால. நம்ம ப்ராசஸ் கண்ட்ரோல் லேப்ல மூலையில நிக்குதே, அதுதான். தமிழ்நாட்டுல இன்ஸ்ட்ருமென்டேஷன் இருக்கிற நிறைய காலேஜ்ல இது ஒண்ணு இருக்கும். பாதிப் பேரோட ப்ராஜெக்ட் இதுல ஆரம்பிச்சு இதுலயே முடியும். கீழ கூர், மேல அகலம். மேல இருந்து தண்ணி விழுது, அடியில வால்வு வழியா வெளிய போகுது. மட்டத்தை ஒரே உயரத்துல நிறுத்தணும், அவ்வளவுதான் கேள்வி.

வெளிய போற தண்ணி, மட்டத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி. டாரிசெல்லி சொன்னது. நாலு மடங்கு உயரம் நின்னாதான் ரெண்டு மடங்கு வேகம் கிடைக்கும். இது முதல் வளைவு. ரெண்டாவது வளைவு தொட்டியோட வடிவம்: கூம்புல பரப்பு உயரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடுது. பத்து சென்டிமீட்டர்ல நிக்கும்போதும் நாற்பது சென்டிமீட்டர்ல நிக்கும்போதும் ஒரே ஒரு டம்ளர் தண்ணி ஊத்திப் பாருங்க. கீழ மட்டம் ஏறுற வேகம் மேல ஏறுறதை விட பதினாறு மடங்கு. அப்போ நாற்பதுல நல்லா ட்யூன் பண்ணின கண்ட்ரோலரைப் பத்துக்கு இறக்கினா என்ன ஆகும்? வால்வும் சென்சாரும் எப்பவுமே கொஞ்சம் தாமதிக்கும். அதோட பதினாறு மடங்கு பதட்டமும் சேர்ந்தா, மட்டம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பம்ப் மூச்சு வாங்கும். அதனால ஒவ்வொரு மட்டத்துக்கும் தனித்தனி பி.ஐ.டி. மதிப்பு வச்சு, மட்டம் மாற மாற மாத்திக்கிட்டே போறாங்க. கெயின் ஷெட்யூலிங்னு பேரு. வித்தை ஒண்ணுமில்ல, ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசுறது.

அந்த லேப் முடிஞ்ச வாரம் ஊருக்குப் போனேன். மார்கழிக் கடைசி. ஏரி பாதிக்குக் கொஞ்சம் மேல நின்னுச்சு. வீட்டுல ஒரே பேச்சு: நவரைக்கு நெல் போடுறதா, உளுந்து விதைக்கிறதா. தெரியாதவங்களுக்கு: சம்பா அறுத்த பிறகு, மழை முடிஞ்சு ஏரியில மிச்சம் நிக்கிற தண்ணிய நம்பிப் போடுற போகம்தான் நவரை. நெல் போட்டு பங்குனியில தண்ணி தீர்ந்துட்டா பால் பிடிக்கிற நேரத்துல பயிர் காயும். போட்ட பணம், நகை அடகு வச்ச பணம், அதுல என் ஹாஸ்டல் மெஸ் பணமும் உண்டு, எல்லாம் போகும். உளுந்து போட்டா நஷ்டம் இல்ல, பெரிய லாபமும் இல்ல.

பெரியப்பா சொன்னார்: "பாதி ஏரி கீதே, இன்னா பயம்? முழு ஏரி நாலு மாசம் வரும்னா, பாதி ஏரி ரெண்டு மாசத்துக்கு மேல வரும். மிச்சத்துக்கு போர் இருக்கு." 

இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு ஃபேன் சத்தம், டிவி சத்தம் எல்லாம் நின்னு போச்சு. ஏன்னா இது அப்படியே லீனியர் வாக்கியம். பாதி உயரம், பாதி நாள்.

ரஃப் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். மழை இல்ல, மதகை ஒரே அளவுல திறந்து வச்சிருக்கோம், ஆவியாகிறதை விட்டுடுவோம். முழு ஏரி 100 நாள் வரும்னு வச்சுக்குங்க. ஏரி நேரா நிக்கிற சிமென்ட் தொட்டி மாதிரி இருந்தா, பாதி உயரத்துல மிச்சம் 71 நாள். பெரியப்பா சொன்னதை விட நல்ல சேதி. ஏன்னா மட்டம் குறையக் குறைய மதகுல வேகமும் குறையுது. ஆனா ஏரி சிமென்ட் தொட்டி இல்ல. ஒரு பக்கம் கரை, இன்னொரு பக்கம் நிலம் அப்படியே சரிஞ்சு வர்றது, ஒரு ஆப்பு மாதிரி. அந்த வடிவத்துக்குப் போட்டா பாதி உயரத்துல மிச்சம் 35 நாள். ரெண்டு பக்கமும் குவிஞ்சு கூம்பு மாதிரி இருந்தா, வெறும் 18 நாள்.

71, 35, 18. ஒரே பாதி உயரம்தான், வடிவம் மட்டும்தான் வேற. நான் அந்த மூணு எண்ணையும் ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தேன். பரீட்சையில ஒரு கணக்கோட விடை வந்தா வர்ற சந்தோஷம் வேற. இது வேற மாதிரி, வயித்தைக் கலக்குச்சு.

அப்பாகிட்ட காமிச்சேன். அவர் நோட்டைப் பார்க்கல. "மதகுத் தூண்ல மூணு கோடு இருக்கும் பாத்திருக்கியா? பொங்கல் அன்னிக்கு மூணாவது கோட்டுக்கு மேல நின்னா நெல்லு. கீழ எறங்கினா உளுந்து. உங்க தாத்தா போட்ட கோடு. பாதி கீதுன்னு உங்க பெரியப்பன் சொல்றதெல்லாம் நம்பக்கூடாது, ஏரி அடியில பானை மாதிரி, சர்ருனு எறங்கிடும்" என்றார். அந்தக் கோடு பாதி உயரத்துல இல்ல, அதுக்கு நல்லா மேல இருக்கு. வர்க்கமூலமும் தெரியாம, இன்டெக்ரேஷனும் தெரியாம, தாத்தா ஆபரேட்டிங் பாயின்ட்டைச் சுண்ணாம்புல வரைஞ்சு வச்சிருக்கார்.

இந்த இடத்துல "அந்தக் காலத்துல எல்லாமே தெரிஞ்சு வச்சிருந்தாங்க"ன்னு எழுதி முடிச்சா நம்ம மேகஸின்ல நாலு லைக் கூட வரும். ஆனா விஷயம் அதோட முடியல. தாத்தா கோடு போட்ட காலத்து ஏரி இது இல்ல. கரையோரம் வண்டல் ஏறிப் போச்சு, உள்ள சீமைக்கருவேலம் புதர் புதரா. வண்டல் படியறது பெரும்பாலும் ஆழமான இடத்துலதான். அதாவது மேல எவ்வளவு பரப்பு தெரியுதோ அதே பரப்புதான், ஆனா கீழ கொள்ளளவு இல்ல. கோடு சரி, ஏரி மாறிடுச்சு. நம்ம பாஷையில பாராமீட்டர் நகர்ந்துடுச்சு, கண்ட்ரோலர் பழசு.

அதனால நானும் தம்பியும் ஒரு வேலை பண்ணினோம். போன்ல பரப்பு அளக்கிற ஆப்பைப் போட்டுக்கிட்டு தண்ணி விளிம்பு ஓரமா ஏரியைச் சுத்தி நடந்தோம். மதகுத் தூண்ல மட்டத்தைக் குறிச்சுக்கிட்டோம். பத்து நாள் கழிச்சு தம்பி மட்டும் மறுபடி நடந்தான், அதுக்கடுத்த வாரம் இன்னொரு தடவை. சேத்துல ஒரு செருப்பு போச்சு. மூணு மட்டம், மூணு பரப்பு. லாகரிதம் எடுத்து கிராஃப் போட்டா சாய்வு ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல, ரெண்டுக்குப் பக்கமா வந்துச்சு. ஆப்பை விட கூம்புக்குத்தான் நெருக்கம். அப்பா சொன்ன பானைதான்.

பொங்கல் அன்னைக்குத் தண்ணி மூணாவது கோட்டுல சரியா நின்னுச்சு. கோட்டுக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல. அப்பா ரெண்டு ஏக்கர்ல போர் பக்கத்துல இருக்கிற ஒரு ஏக்கருக்கு மட்டும் நெல் நட்டார், மிச்சம் உளுந்து. என் கிராஃபைப் பார்த்து முடிவு பண்ணினாரா, தன் மனசுக்குப் பட்டதைச் செஞ்சாரான்னு நான் கேக்கல. பெரியப்பா முழுக்க நெல் போட்டார். மாசிக் கடைசியிலயே மதகுல தண்ணி நின்னுடுச்சு. பெரியப்பா அதுக்கப்புறம் பக்கத்து நிலத்துக்காரர்கிட்ட மணிக்கணக்குக்குக் காசு குடுத்து போர் தண்ணி வாங்கினார். பாதி காப்பாத்தினார். இதை வச்சு யாரும் வீட்டுல ஒரு வார்த்தை பேசல. பேசற விஷயமும் இல்ல.

சரி, லேப்புக்கு வருவோம். பாடத்துல கஷ்டமான பகுதி எதுன்னு கேட்டா லியாபுனோவ்தான். ரஷ்யாக்காரர், 1892ல எழுதின டாக்டர் பட்ட ஆய்வு. சமன்பாட்டைத் தீர்க்காமலே, சிஸ்டம் அடங்குமா அடங்காதான்னு சொல்றதுக்கு ஒரு வழி. உருளியில ஒரு கோலிக்குண்டைப் போட்டா அது எந்தப் பாதையில உருளும்னு கணக்குப் போடத் தேவையில்ல. ஒவ்வொரு நொடியும் அதோட ஆற்றல் குறையுதுன்னு காமிச்சுட்டா போதும், கடைசியில அடியிலதான் வந்து நிக்கும். அந்த ஆற்றல் மாதிரி ஒரு ஃபங்ஷனைக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிக்கப் பொதுவான சூத்திரம் எதுவும் இல்ல. இங்கதான் பாதிப் பேர் கழண்டுக்கிறாங்க. "சார், எந்த ஃபார்முலால போடணும்?"னா பதில் கிடையாது. யூகிச்சுப் பார், ஒத்து வரலைன்னா வேற யூகி. ஒத்து வரலைங்கிறதால சிஸ்டம் கெட்டதுன்னும் சொல்ல முடியாது, நம்ம யூகம் பத்தலைன்னுதான் அர்த்தம்.

தமிழ் மீடியத்துல இருந்து வர்ற தம்பி தங்கைகளுக்கு ஒண்ணு சொல்லணும். கலீல் புத்தகத்தைத் திறந்தா முதல் பக்கத்துலயே மூச்சு முட்டும். கணக்கு பயமுறுத்தாது, வாக்கியம்தான் பயமுறுத்தும். ஒரே வாக்கியத்துல மூணு "எந்த ஒரு", ரெண்டு "ஏதாவது ஒரு" வரும், எது எதுக்கு முன்னாடிங்கிறதுலதான் முழு அர்த்தமும். நான் ஒவ்வொரு வரையறையையும் தமிழ்ல திருப்பி எழுதிக்கிட்டேன். "நீ எவ்வளவு சின்ன வட்டம் வேணும்னு கேளு, அதுக்கு ஏத்த மாதிரி ஆரம்பிக்க ஒரு வட்டம் நான் தர்றேன். அதுக்குள்ள ஆரம்பிச்சா நீ கேட்ட வட்டத்தை விட்டு வெளிய போகாது." ஸ்டெபிலிட்டி அவ்வளவுதான். எப்ஸிலான் கேக்கிறவன், டெல்டா குடுக்கிறவன். கடைக்காரர்கிட்ட பேரம் பேசற மாதிரி படிச்சா ஒட்டிக்கும். பரீட்சையில இங்கிலீஷ்லதான் எழுதணும், அது தனி. புரிஞ்சதை மொழிபெயர்க்கிறது, புரியாததை மனப்பாடம் பண்றதை விட சுலபம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இன்னொண்ணு. மிதவை ஸ்விட்ச் போட்ட டேங்க்ல மட்டம் எப்பவும் ஏறி இறங்கிட்டே இருக்கும், ஒரே இடத்துல நிக்காது, ஆனா எல்லையும் தாண்டாது. இதுக்கு லிமிட் சைக்கிள்னு பேரு, லீனியர் உலகத்துல இப்படி ஒரு ஜந்து கிடையாது. எல்லாரும் இதை ஒழிக்கத்தான் பார்ப்பாங்க. 1984ல ஆஸ்ட்ரோம், ஹேக்லுண்ட்னு ரெண்டு ஸ்வீடன்காரங்க இதைத் திருப்பிப் போட்டாங்க. வேணும்னே கண்ட்ரோலரை எடுத்துட்டு ஒரு ரிலேயைப் போடு, சிஸ்டம் ஆடட்டும். ஆடுற அகலத்தையும் நேரத்தையும் அள. ரிலே உயரத்தை நாலால பெருக்கி, பை மடங்கு அகலத்தால வகுத்தா அல்டிமேட் கெயின் கிடைச்சுடும், அதுல இருந்து பி.ஐ.டி. மதிப்பு. இன்னைக்கு இன்டஸ்ட்ரியல் கண்ட்ரோலர்கள்ல ஆட்டோ ட்யூன்னு ஒரு பட்டன் இருக்குதுல்ல, அதுக்குப் பின்னாடி பல இடத்துல இந்த யோசனைதான். டிஸ்கிரைபிங் ஃபங்ஷன் யூனிட்டை வெறும் பதினாறு மார்க்கா பார்க்கிறவங்க இந்த ஒரு எக்ஸ்பெரிமென்ட்டையாவது கூம்புத் தொட்டியில பண்ணிப் பாருங்க. தொட்டி தானே தன் ஜாதகத்தை எழுதிக் குடுக்கும்.

கடைசியா எல்லாரும் கேக்கிற கேள்வி. அம்மாவும் கேட்டாங்க: "இதப் படிச்சா வேலை கெடைக்குமா?" நேர்மையா சொல்றேன், நம்ம கேம்பஸுக்கு வர்ற கம்பெனிகள்ல பெரும்பாலானதுக்கு இது தேவையில்ல. கோடிங் ரவுண்டுல லியாபுனோவ் வர மாட்டார். ஆனா எங்க மாவட்டத்துலயே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஃபேக்டரி வரிசையா நிக்குது. அந்தக் கார்ல இருக்கிற ஏ.பி.எஸ். பிரேக் என்ன? டயர் சறுக்க ஆரம்பிக்கும்போது பிடிப்பு கூடும், ஒரு உச்சிக்குப் போகும், அதுக்கு மேல சறுக்கினா பிடிப்பு குறையும். அந்த உச்சிப் பக்கத்துலயே டயரை நிறுத்தி வைக்கணும். சுத்தமான நான்லீனியர் பிரச்னை. எங்க ஊர்ல இருந்து கம்பெனி பஸ் ஏறி அங்க ஷிப்ட்டுக்குப் போற அண்ணன்கள் நிறைய பேர். அந்த பிரேக்கைப் பூட்டுற இடத்துல நிக்கிறாங்க. அதை டிசைன் பண்ற ரூமுக்குள்ள எங்க பக்கத்துல இருந்து யாரும் போய் நான் இன்னும் கேள்விப்படல.

எனக்கு ஒரு ஐ.டி. கம்பெனி ஆஃபர் கையில இருக்கு. கேட் பரீட்சைக்கும் ஃபீஸ் கட்டியிருக்கேன். எம்.இ. போனா இன்னும் ரெண்டு வருஷம் வீட்டுக்குச் சம்பளம் இல்ல. அந்த ரெண்டு வருஷம் எங்க வீட்டுல எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும். அப்பா மட்டும், "ரிசல்ட் வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறார். அவர் இந்தக் கோடையில ஏரியில குடிமராமத்து பேச்சு வந்தா வண்டல் எடுக்க மனு குடுக்கணும்னு அலைஞ்சுட்டு இருக்கார். வண்டல் எடுத்துட்டா என் கிராஃப் செல்லாது, மறுபடி நடக்கணும்னு தம்பி இப்பவே புது செருப்பு கேக்கிறான்.

அடுத்த செமஸ்டர்ல இந்த எலெக்டிவ் ஓடணும்னா குறைஞ்சது பதினஞ்சு பேர் பேர் குடுக்கணுமாம். இப்போதைக்கு ஒன்பது பேர். என் நோட்டு லேடீஸ் ஹாஸ்டல் மூணாவது மாடி ஆபீஸ் ரூம்ல இருக்கு, யார் வேணாலும் ஜெராக்ஸ் எடுத்துக்கலாம். லியாபுனோவ் யூனிட்ல வரையறை எல்லாம் தமிழ்ல இருக்கும். ஃபேஸ் பிளேன் யூனிட்ல ரெண்டு பக்கம் காணோம். அதை வாங்கிட்டுப் போனவங்க திருப்பிக் குடுத்துடுங்க.